கிதார் பழுதுபட்டால் யார் கை வைப்பது?

விடுதியில் ஒரு கிதார் இருந்தால் அதற்கு வாசிப்பவர் ஒருவர். வைத்தியர் பத்துப் பேர். கம்பி இரைந்தால் ஒருவர் திருப்புளியை எடுத்துக்கொண்டு ஓடிவருவார். குதிரை சற்றே எழும்பினால் இன்னொருவர் பசைப் புட்டியோடு வருவார். “தொடாதே, கடைக்குக் கொண்டு போ” என்று மூன்றாமவர் தடுப்பார். கருவிக்கு உரியவரோ இவர்கள் நடுவே செய்வதறியாது நிற்பார். மாதப் பணத்தில் மிச்சம் பிடித்து வாங்கிய கருவி அது. கெட்டுப்போனால் மறுபடி வாங்க வழியில்லை. சிறு குறைக்கெல்லாம் கடைக்குத் தூக்கிச் சென்றாலோ, கையிலுள்ள பணம் கரைந்துவிடும்.

பள்ளி நாள் முதல் கிதார் வாசித்து வருகிறேன். நம் தமிழ்ச் சங்கத்துக் கிதாரைப் பேணும் பொறுப்பும் மூன்று ஆண்டுகளாக என்னிடம் உள்ளது. இக்காலத்தில் நான் கண்டது ஒன்று உண்டு. பழுது பார்ப்பதைப் பற்றி நண்பர்கள் கேட்கும் முதல் கேள்வி, “இது எளிய வேலையா, கடினமான வேலையா?” என்பது. அக்கேள்வி நம்மை ஏமாற்றிவிடும். பசை தடவுவது எளிய வேலைதான். ஆனால் ஒரு கருவியைப் பாழாக்க அதுவே போதும். கேட்க வேண்டிய கேள்வி வேறு: “கை தவறினால் பழைய நிலைக்குத் திரும்ப முடியுமா?” முடியும் என்றால் அஞ்சாமல் நாமே செய்யலாம். முடியாது என்றால் அது கைவினைஞரின் வேலை. இந்த ஓர் அளவுகோலை வைத்துக்கொண்டு கிதாரின் நோய்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கருவியின் உடற்கூறு

வீணை வாசிப்போர் வழங்கும் சொற்கள் கிதாருக்கும் பொருந்துகின்றன. கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கோடுகள் மெட்டுகள். கம்பிகளை இறுக்கும் திருகுகள் பிருடைகள். கழுத்தின் தலைப்பில் ஆறு பள்ளங்களுடன் இருக்கும் சிறு துண்டு மேரு. கீழே பலகைமேல் ஒட்டப்பட்ட கட்டை குதிரை. குதிரையின் முதுகில் கம்பிகளைத் தாங்கி நிற்கும் மெல்லிய வெள்ளைத் துண்டைச் சேணம் எனலாம். ஆங்கிலேயரும் அதைச் சேணம் என்றே அழைக்கின்றனர்.

எஃகுக் கம்பிகள் ஆறும் சுருதி கூடி நிற்கும்போது அவை இழுக்கும் விசை ஏறத்தாழ 60 முதல் 75 கிலோ எடைக்குச் சமம். நைலான் நரம்புகளானால் ஏறத்தாழ 40 கிலோ. நன்கு வளர்ந்த ஒரு மனிதர் இரவும் பகலும் குதிரையைப் பிடித்துத் தொங்குகிறார் என்று எண்ணிக்கொள்ளுங்கள். அதைத் தாங்கும் பலகையின் கனமோ ஏறக்குறைய 3 மில்லிமீட்டர்தான். உள்ளே ஒட்டிய மெல்லிய மரச் சட்டங்கள் அதற்குத் துணை. பலகையைத் தடிப்பாகச் செய்தால் உடையாது, ஆனால் ஒலிக்காது. மெலிதாகச் செய்தால் இனிமையாக ஒலிக்கும். ஆனால் நெடுநாள் நில்லாது. இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு நூலிழையில் நிற்பதே கிதார்.

இதிலிருந்தே முதல் எச்சரிக்கை பிறக்கிறது. நைலான் நரம்புக்கென்று செய்த கிதாரில் எஃகுக் கம்பி பூட்டக் கூடாது. குதிரை பெயரும், பலகை வீங்கும். இது பழுது பார்க்கும் வேலை அன்று. பழுதை விலை கொடுத்து வாங்கும் வேலை.

நோயா, பருவமா?

தென்னாட்டிலிருந்து கருவியைக் கொண்டுவந்த நண்பர்கள் தில்லியின் தட்பவெப்பத்தை முதலில் உணர்ந்துகொள்ள வேண்டும். மரம் ஈரத்தை உண்ணும். வறண்ட காற்றில் உமிழும். அதனால் அது குறுக்குவாட்டில் விரிந்து சுருங்குகிறது. நெடுக்குவாட்டில் மிகச் சிறிதே மாறுகிறது. ஏப்ரல், மே மாதங்களின் அனற்காற்றில் பலகை சுருங்கித் தாழ்கிறது. கம்பிகள் மெட்டுகளை நெருங்கி இரைகின்றன. கழுத்து மரம் ஒடுங்குவதால் மெட்டுகளின் முனைகள் ஓரத்தில் நீட்டி விரலைக் கீறுகின்றன. வறட்சி மிகுந்தால் பலகை வெடிக்கவும் செய்யும். ஜூலையில் மழை வந்ததும் எல்லாம் தலைகீழ். பலகை ஈரம் குடித்து எழும்புகிறது; கம்பிகள் உயர்கின்றன; விரல் நோகிறது.

ஆகவே மே மாதத்தில் இரைச்சல் கேட்டுச் சேணத்தை உயர்த்துபவர் ஆகஸ்டில் மறுபடி அதைத் தாழ்த்த நேரும். இங்கே வேண்டுவது பழுது பார்த்தல் அன்று, பாதுகாத்தல். கிதாரைச் சுவரில் மாட்டாமல் பெட்டியில் வைத்து மூடுங்கள். கோடையில் துளையிட்ட சோப்புப் பெட்டிக்குள் பிழிந்த ஈரப் பஞ்சை வைத்து, அது மரத்தைத் தொடாதபடி கிதார்ப் பெட்டிக்குள் வைக்கலாம். கூலரின் நேர்க்காற்றும் வேண்டா, மொட்டை மாடி வெயிலும் வேண்டா. ஈரப்பதத்தைக் காட்டும் சிறு மானி இப்போது எளிதில் கிடைக்கிறது. அது 45 முதல் 55 விழுக்காடு காட்டினால் கருவி நலமாக இருக்கும்.

அறிகுறியும் காரணமும்

வள்ளுவர் ‘மருந்து’ அதிகாரத்தில் மருத்துவனுக்கு ஒரு முறை வகுத்தார்: முதலில் நோய் இன்னதென அறிதல், பிறகு அதன் காரணத்தை அறிதல், அதற்குப் பின்பே சிகிச்சை. கிதாருக்கும் அம்முறையே ஏற்றது. “கம்பி உயரமாக இருக்கிறது” என்பது அறிகுறி, நோய் அன்று. அதற்குக் குறைந்தது நான்கு காரணங்கள் இருக்கலாம். அவற்றைப் பிரித்தறியும் சோதனைகளை யாரும் செய்யலாம். கருவிக்கு ஒரு கேடும் வராது.

முதலாவது கழுத்தின் வளைவு. தடித்த கம்பியை முதல் மெட்டிலும், கழுத்து உடலோடு சேரும் இடத்து மெட்டிலும் ஒரே சமயத்தில் அழுத்துங்கள். இப்போது கம்பியே ஓர் அளவுகோல் ஆகிறது. ஏழாம் மெட்டின் மேல் கம்பிக்கும் மெட்டுக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். முகவரி அட்டை ஒன்று மெல்ல நுழையும் அளவு, அதாவது கால் மில்லிமீட்டர் அளவு, இருந்தால் சரி. அதற்கு மிகுந்தால் கழுத்து முன்னோக்கி வளைந்துள்ளது. இடைவெளியே இல்லையாயின் பின்னோக்கி வளைந்துள்ளது.

இரண்டாவது மேரு. கம்பியை மூன்றாம் மெட்டில் அழுத்திக்கொண்டு முதல் மெட்டின் மேலே பாருங்கள். தலைமயிர் நுழையும் இடைவெளி போதும். அதிகம் இருந்தால் மேருவின் பள்ளம் உயரம். முதல் இரண்டு மெட்டுகளில் பிடிக்கும் சுரங்கள் விரலை வருத்துவதோடு சுருதி ஏறியும் கேட்கும். இடைவெளியே இல்லாமல் கம்பி மெட்டைத் தொட்டால், விரல் வைக்காத கம்பி இரையும்.

மூன்றாவது சேணத்தின் உயரம். கழுத்தும் மேருவும் சரியாக இருந்து, பன்னிரண்டாம் மெட்டில் மட்டும் கம்பி உயர்ந்திருந்தால் சேணத்தைப் பார்க்க வேண்டும். எஃகுக் கம்பிக் கிதாரில் தடித்த கம்பிக்கு ஏறத்தாழ 2.5 மி.மீ., மெல்லிய கம்பிக்கு 2 மி.மீ. இருத்தல் நலம். நைலான் கிதாரில் 4 மி.மீ., 3 மி.மீ. வரை இருக்கலாம்.

நான்காவது கழுத்தின் சாய்வு. நேரான நீண்ட அளவுகோல் ஒன்றை மெட்டுகளின்மேல் கிடத்திக் குதிரை வரை நீட்டுங்கள். அதன் முனை குதிரைக் கட்டையின் மேற்பரப்பை ஒட்டி வந்து நிற்க வேண்டும். மேற்பரப்புக்கு மிகவும் கீழே வந்து கட்டையில் முட்டினால், பல ஆண்டு இழுவிசையால் கழுத்தின் சாய்வே மாறிவிட்டது என்று பொருள்.

பாருங்கள், அறிகுறி ஒன்றே. முதல் மூன்றையும் சில மணி நேரத்தில் சரிசெய்யலாம். நான்காவதற்குக் கழுத்தையே கழற்றி மறுபடி பொருத்த வேண்டும். காரணம் அறியாமல் சேணத்தைத் தேய்ப்பவர் தலைவலிக்குக் காலில் தைலம் பூசுபவரே ஆவார்.

நாமே செய்யத் தக்கவை

கம்பி மாற்றுதல் முதற்கடமை. பழைய கம்பிகளைத் தளர்த்திய பிறகே வெட்ட வேண்டும். புதிய கம்பி பிருடையின் தண்டில் இரண்டு, மூன்று சுற்றுச் சுற்றினால் போதும். ஒன்றன்மேல் ஒன்று ஏறலாகாது. “பிருடை நழுவுகிறது, சுருதி நிற்பதில்லை” என்று முறையிடுவோர் பலரின் கருவியில் பிருடைமேல் குற்றமே இராது. கம்பி தாறுமாறாகச் சுற்றப்பட்டிருக்கும். அல்லது மேருவின் பள்ளத்தில் சிக்கி நிற்கும். சிக்கும் பள்ளத்தில் பென்சில் முனையைத் தேய்த்துக் கரித்தூள் படியச் செய்தால் கம்பி வழுக்கி ஓடும். நைலான் நரம்பு புதிதில் சில நாள் நீண்டுகொண்டே இருக்கும். அது அதன் இயல்பு.

தளர்ந்த திருகுகளை இறுக்குவதும் நம் வேலையே. சில இரைச்சல்கள் மெட்டில் பிறப்பதில்லை. பிருடையின் தளர்ந்த மரையிலோ, மேலே நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி நுனியிலோ பிறக்கும். மெட்டுப் பலகையைப் பிழிந்த துணியால் துடைத்து உடனே உலர்த்தலாம். தேங்காய் எண்ணெய் மட்டும் வேண்டா; நாளடைவில் சிக்குப் பிடித்து நாறும்.

சேணத்தைத் தாழ்த்துவதும் நமக்கு ஏற்ற வேலைதான். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. முதலில் புதுச் சேணம் ஒன்று வாங்குங்கள். புதியதைத் தேய்த்துப் பழையதைப் பெட்டியில் பத்திரமாக வையுங்கள். கை தவறினால் பழையதைப் பூட்டிக்கொள்ளலாம். கண்ணாடித் துண்டின்மேல் உப்புத்தாளைப் பரப்பி, சேணத்தின் அடிப்பக்கத்தை மட்டும் நேராகத் தேய்க்க வேண்டும். பன்னிரண்டாம் மெட்டு கம்பி நீளத்தின் நட்டநடுவில் உள்ளது. ஆதலால் அங்கே 1 மி.மீ. தாழ வேண்டுமானால் சேணத்தில் 2 மி.மீ. குறைய வேண்டும். இக்கணக்கை அறியாதவர் பாதி வழியில் மனம் சோர்வர். அல்லது இருமடங்கு தேய்த்துவிடுவர்.

எல்லையில் நிற்கும் வேலைகள்

கழுத்துக்குள் ஓடும் எஃகுத் தண்டு ஒன்று உண்டு. டிரஸ் ராட் என்பது அதன் பெயர். அமெரிக்காவில் கிப்சன் நிறுவனத்தில் பணியாற்றிய தாடியஸ் மெக்ஹியூ என்பவர் இதன் சரிசெய்யத்தக்க வடிவத்துக்கு 1923-இல் காப்புரிமை பெற்றார். கம்பிகள் கழுத்தை முன்னே இழுக்க, இத்தண்டு எதிர்த்து நிற்கிறது. மரபான நைலான் கிதார்களில் பெரும்பாலும் இது இராது.

இதன் மரையை வலப்புறம் திருகினால் முன்வளைவு குறையும். இடப்புறம் திருகினால் கூடும். கம்பிகளைச் சற்றுத் தளர்த்திக்கொண்டு, சரியான அளவுச் சாவியால் கால் சுற்று மட்டும் திருப்பி, மறுநாள் பார்க்க வேண்டும். இதுவரை இது திரும்பி வரக்கூடிய வேலை. மரை அசைய மறுத்தால் அந்த நொடியிலேயே அது கைவினைஞரின் வேலை ஆகிவிடுகிறது. வலிந்து திருகித் தண்டு முறிந்தால் மெட்டுப் பலகையையே பெயர்த்தெடுக்க நேரும். ஒரே வேலை, கால் சுற்றில் ஒரு கரையிலிருந்து மறு கரைக்குப் போய்விடுகிறது!

மேருவின் பள்ளங்களும் இவ்வகையே. ஆழம் கூடினால் புது மேரு பொருத்தலாம். ஆகவே உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் கம்பியின் பருமனுக்கு ஏற்ற அரம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே வேண்டும். அவற்றை வாங்கும் பணத்துக்குக் கைவினைஞரிடம் பலமுறை வேலை கொடுக்கலாம்.

தொடலாகாதவை

பெயர்ந்த குதிரை, வெடித்த பலகை, உள்ளே விட்டுப்போன சட்டம், உயர்ந்தும் தேய்ந்தும் போன மெட்டுகள், சாய்வு மாறிய கழுத்து ஆகிய ஐந்தையும் நாம் தொடலாகாது. ஏன் என்பதற்கு நம் சங்கத்துக் கிதாரே சான்று.

படிப்பு முடிந்து சென்ற ஒரு மூத்தவர் விட்டுச்சென்ற எஃகுக் கம்பிக் கிதார் அது. அதன் பெட்டியின் மூடியில் ஒரு தாள் ஒட்டப்பட்டுள்ளது. ஒவ்வோர் ஆண்டும் பொங்கல் விழாவில் அதை வாசித்தவர் தம் பெயரை அத்தாளில் எழுதுவது வழக்கம். கடையில் அதன் விலை சில ஆயிரம் ரூபாய்தான். நமக்கு அதன் மதிப்பு அவ்வளவினதன்று.

சென்ற பொங்கலுக்கு மூன்று வாரம் முன்பு அதன் குதிரையின் பின்விளிம்பு எழும்பியிருக்கக் கண்டேன். அஞ்சலட்டை ஒன்று அடியில் நுழைந்தது. செயற்குழுவில் வாதம் எழுந்தது. பொறியியல் நண்பர் ஒருவர், “வெள்ளைப் பசையை உள்ளே செலுத்தி இரண்டு திருகு போட்டுவிட்டால் நூறாண்டு நிற்கும், அண்ணா” என்றார். சங்கத்தின் கையிருப்போ மிகக் குறைவு என்று பொருளாளர் கணக்கைக் காட்டினார். நான் சொன்னது இரண்டே. முதலில் கம்பிகளைத் தளர்த்துவோம். அதற்குச் செலவில்லை, வேண்டும்போது மறுபடி ஏற்றிக்கொள்ளலாம். அதன் பின் ஒருவரிடம் காட்டுவோம். காட்டுவதால் கருவி கெடாது.

தரியாகஞ்சில், நேதாஜி சுபாஷ் மார்க்கத்தில், இசைக் கருவிக் கடைகள் பல உள்ளன. அப்பகுதியில் பழுது பார்க்கும் முதியவர் ஒருவரை எல்லோரும் உஸ்தாத் என்றே அழைக்கின்றனர். அவர் ஒலித்துளை வழியே சிறு விளக்கையும் கண்ணாடியையும் விட்டு உட்புறத்தைப் பார்த்தார். விரல் கணுவால் பலகையெங்கும் தட்டிக் கேட்டார். “உள்ளே எல்லாம் நலம். பசை மட்டுமே விட்டிருக்கிறது. இதில் புதுப் பசை ஏதும் ஊற்றினீர்களா, பேட்டா?” என்று கேட்டார். இல்லை என்றதும் அவர் முகம் தெளிந்தது.

அவர் விளக்கியதையே இங்கே சொல்கிறேன். பழைய பசையின்மேல் புதுப் பசை பிடிக்காது. மரத்தை மரம் தொட்டால்தான் ஒட்டு நிற்கும். ஆகவே குதிரையைச் சூடாக்கி, மெல்லிய தகட்டால் நார் கிழியாமல் முழுவதும் பெயர்த்து, பழைய பசையைச் சுரண்டி, பின்பே ஒட்ட வேண்டும். திருகு போட்டால் இழுவிசை நீங்காது. இரண்டு புள்ளிகளில் குவியும். பலகை அங்கே கிழியும். உள்ளேயுள்ள சட்டமும் துளைபடலாம். அன்றியும் குதிரை இருந்த இடத்திலேயே அமர வேண்டும். கிதாரின் மெட்டுகள் கண்ணளவில் வைக்கப்பட்டவை அல்ல. ஒவ்வொரு மெட்டும் கம்பியின் நீளத்தை 1.0595-ஆல் வகுத்த அளவில் உள்ளது. பன்னிரண்டு மெட்டு ஏறினால் நீளம் சரிபாதி ஆகும். குதிரை 2 மி.மீ. நகர்ந்தால் எல்லாச் சுரங்களும் பொய்க்கும்.

மூன்று நாள் கிளாம்பில் இறுக்கி வைத்துத் திருப்பித் தந்தார். கூலிக்காகச் செயற்குழுவினர் ஆளுக்குக் கொஞ்சம் போட்டோம். பொங்கலன்று கிதார் மேடை ஏறியது. தாளில் புதிதாக ஒரு பெயரும் ஏறியது. பசை ஊற்றியிருந்தால், அதைச் சுரண்டவே இருமடங்கு கூலி ஆகியிருக்கும் என்பது உஸ்தாதின் கணக்கு.

பணக்கணக்கு

“எல்லாக் கருவிக்கும் இதுவே நீதியா?” என்று நீங்கள் கேட்கலாம். இல்லை. கழுத்தைக் கழற்றிப் பொருத்தும் கூலி ஒரு மலிவுக் கிதாரின் விலையையே தாண்டிவிடும். அங்கே மூன்று வழிகள் உண்டு. அக்கருவிக்கு நினைவு மதிப்பு இருந்தால் செலவிடுங்கள். இல்லையேல் பழுதோடு பொறுத்து வாசியுங்கள். அதுவும் இயலாதபோது அதைப் பயிற்சிக் கருவி ஆக்குங்கள். இழக்க ஒன்றுமில்லாத கிதாரில் மெட்டுத் தேய்க்கலாம், குதிரை பெயர்க்கலாம், மேரு அறுக்கலாம். கைவினை கற்க இதைவிட நல்ல பள்ளி இல்லை. நண்பருடைய கிதாரில் மட்டும் அப்பயிற்சியைத் தொடங்காதீர்கள்.

கைவினைஞரிடம் செல்லும் முறை

கடையில் விற்பவர் எல்லாரும் பழுது பார்ப்பவர் அல்லர். வேலை செய்பவரையே நேரில் பாருங்கள். “இதைச் சரிசெய்யுங்கள்” என்று மட்டும் சொல்லாமல், எந்த மெட்டில், எந்தக் கம்பியில், எந்தப் பருவத்தில் குறை தெரிகிறது என்று சொல்லுங்கள். மேலே சொன்ன நான்கு சோதனைகளின் முடிவையும் குறித்துச் செல்லுங்கள். பாதி நேரம் மிச்சமாகும். என்ன செய்யப் போகிறார், என்ன பசை, எத்தனை நாள், என்ன கூலி என்று முன்னரே கேளுங்கள். கருவியைப் பாராமலே கூலி சொல்பவரையும், எதற்கும் திருகே மருந்து என்பவரையும் விட்டு விலகுங்கள். பார்த்துவிட்டு, “இதற்குச் செலவிடாதே” என்று சொல்பவர் கிடைத்தால் அவரை விடாதீர்கள்.

நண்பர்களே! தானே செய்வது தற்பெருமையும் அன்று. பிறரிடம் கொடுப்பது கையாலாகாமையும் அன்று. கம்பி மாற்றக்கூடக் கடைக்கு ஓடுபவர் தம் கருவியை அறியாமலே காலம் கழிப்பார். எல்லாவற்றிலும் கை வைப்பவர் ஒருநாள் கருவியையே இழப்பார். அடுத்த முறை கிதார் இரைந்தால் திருப்புளியைத் தேடுமுன் சோதனைகளைச் செய்யுங்கள். காரணம் தெரிந்த பின், திரும்பி வர வழி உண்டா என்று கேளுங்கள். வழி இருந்தால் இன்றே தொடங்கலாம். இல்லையானால் கம்பிகளைத் தளர்த்திப் பெட்டியை மூடுங்கள். ஞாயிற்றுக்கிழமை தரியாகஞ்சுக்கு வர நானும் அணியம்.